நாடி நோட்டு

முதல் தடவை அது வந்தது கப்பலூர் டோல்கேட் பக்கத்தில். 2016 ஜூலை, பள்ளிக்கூடம் விட்டு திருமங்கலத்திலிருந்து திருநகர் வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஓடிவந்து ஏறவில்லை, யாரோடும் வாக்குவாதம் இல்லை, மடியில் எட்டாம் வகுப்புக் கணக்கு நோட்டுக் கட்டு மட்டும்தான். கரையில் எடுத்துப் போட்ட கெண்டை மீன் துள்ளுமே, அப்படி நெஞ்சுக்குள் ஒன்று துள்ள ஆரம்பித்தது. ஒரே சீராகத் துள்ளியிருந்தால் படபடப்பு என்று விட்டிருப்பேன். இது இரண்டு அடித்து ஒன்றை விட்டது, அப்புறம் நாலைந்தைச் சேர்த்து அடித்தது, அப்புறம் ஒரு கணம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமே இல்லாத கணத்தில்தான் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தேன்.

வீட்டுக்காரர், "வாயுவா இருக்கும், மத்தியானம் என்ன சாப்பிட்ட?" என்று கேட்டுவிட்டு பெருங்காயம் போட்டு மோர் கலக்கிக் கொடுத்தார். ராத்திரி பத்து மணிக்குத் தானாக நின்றது. மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தபோது விடாமல் ஆட்டோ பிடித்துப் போய் ஈசிஜி எடுத்துவிட்டோம். நிமிஷத்துக்கு 148. டாக்டர் அந்தத் தாளை என் பக்கம் திருப்பி, "கணக்கு டீச்சர்தானே நீங்க, இந்த முள்ளுக்கும் அடுத்த முள்ளுக்கும் நடுவுல எத்தனை கட்டம்னு எண்ணுங்க" என்றார். எண்ணினேன். ஒன்பது, பதிமூன்று, எட்டு, பத்து, ஏழு, பன்னிரண்டு. எந்த இரண்டும் ஒன்றுபோல இல்லை. "இதுக்குப் பேரு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். நாங்க ஏ.எஃப்.னு சொல்லுவோம்" என்றார்.

இதயத்தின் மேல் அறைகள் இரண்டும் சுருங்கி விரிவதற்குப் பதிலாக நடுங்கிக்கொண்டே இருக்கின்றன. அந்த நடுக்கத்திலிருந்து கீழ் அறைகளுக்குக் கண்டபடி மின்சாரம் போவதால் நாடி தாளம் தப்புகிறது. அதைவிடப் பெரிய தொல்லை, மேல் அறை சரியாகச் சுருங்காததால் இடப் பக்கத்தில் ஒரு சின்னப் பை மாதிரி இருக்கிற இடத்தில் ரத்தம் தேங்கி உறைந்துவிடலாம். அந்தக் கட்டி பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல சுமார் 5 மடங்கு. ஆகவே மாத்திரைக்கு மூன்று வேலை. வேகத்தைக் குறைப்பது ஒன்று, தாளத்தைப் பிடித்து வைப்பது ஒன்று, ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது ஒன்று. மூன்றும் வேறு வேறு மாத்திரை, ரத்தம் உறையாமல் காக்கிற வேலையை மற்ற இரண்டும் செய்யாது. இந்த ஒரு விஷயம் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அன்றைக்கே புரிந்திருந்தால் எங்கள் மதினி இன்று வலது கையால் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அதற்கு வருகிறேன்.

இந்த நோயைப் பற்றி எழுதியிருப்பவர்கள் நிறையப் பேர். மாத்திரையை முழுங்கிய பிறகு உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று, முழுங்கியவர் எழுதித் தமிழில் நான் அதிகம் படித்ததில்லை. டாக்டர் நம்மைப் பார்ப்பது மாதத்தில் பத்து நிமிஷம். மீதி நேரமெல்லாம் அந்த மாத்திரை என்ன செய்கிறது என்று கூடவே இருந்து பார்க்கிற ஆள் நாம்தான். அதை வாய்விட்டுச் சொல்லாமல் நான் ஒரு தடவை கெட்டேன், மதினி ஒரு தடவை கெட்டார். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு முதலில் கொடுத்தது மெட்டோபுரோலால், வேகத்தைக் குறைக்கிற மாத்திரை. 25 மில்லிகிராமில் தொடங்கி 50-க்குப் போனோம். மீன் துள்ளல் நின்றது, நின்றது என்றால் வந்தாலும் முன்போல ஆளை உலுக்கவில்லை. ஆனால் ஒரு மாதத்தில் கால் இரண்டும் ஈயத்தில் வார்த்தது போல ஆகிவிட்டது. எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு இரண்டாம் மாடியில். இருபத்தைந்து வருஷமாக ஏறிய படி, இப்போது பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் பார்க்காதபடி ஏதோ யோசிப்பதுபோல நிற்பேன். விரல் நுனி சில்லிட்டே இருக்கும். மதுரை மே மாத வெயிலில் விரல் சில்லிடுகிறது என்றால் யார் நம்புவார்கள்? ராத்திரி கனவு. செத்துப்போன அம்மா வந்து சமையலறையில் பாத்திரம் உருட்டுகிற கனவு, விடிய விடிய.

ஒன்றையும் சொல்லவில்லை. ஏழு மாதம். ஒவ்வொரு தடவையும் டாக்டர், "எப்படிம்மா இருக்கீங்க?" என்பார், நான் "நல்லா இருக்கேன் சார்" என்பேன். வெளியே நாற்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறார்கள், நெஞ்சுக்குக் கொடுத்த மாத்திரைக்குக் கால் கனக்கிறது என்று போய்ச் சொல்வதா என்ற கூச்சம். வயசு ஐம்பத்திரண்டு, மாதவிடாய் நிற்கிற சமயம், இதெல்லாம் அதனால்தான் என்று நானே ஒரு விடையும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். கடைசியில் கேட்டது ஒரு சிஸ்டர். ரத்த அழுத்தம் பார்க்கும்போது மணிக்கட்டைப் பிடித்தவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நாற்பத்தெட்டுதான் இருக்கு. படி ஏற முடியுதாக்கா?" என்றார். அவ்வளவுதான், அழுதுவிட்டேன். கால், விரல், அம்மா எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் அந்த இடத்திலேயே மாத்திரையைப் பாதியாக்கினார். "இதையெல்லாம் இந்த மாத்திரை செய்யும்மா. சொல்லியிருந்தா ஆறு மாசத்துக்கு முன்னாடியே குறைச்சிருப்பேனே" என்றார். திட்டவில்லை. எனக்குத்தான் அந்த ஆறு மாதம் வலித்தது.

மாத்திரையைப் பாதியாக்கிய இரண்டாம் வாரம் படியில் நிற்காமல் ஏறினேன். அன்று சாயங்காலம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன்.

அந்த நோட்டில் மூன்று கட்டம். முதல் கட்டம் நாடி. காலையில் எழுந்து காபி குடிப்பதற்கு முன்னால், கட்டிலில் உட்கார்ந்தபடி, கட்டை விரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து எண்ணுவேன். எல்லோரும் பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்குவார்கள். தாளம் தப்பிய நாடிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது, முழு அறுபது வினாடியும் எண்ண வேண்டும். வேகமாக அடிக்கும்போது சில துடிப்பு மணிக்கட்டு வரைக்கும் வந்தே சேராது, அதனால் நெஞ்சில் குழாய் வைத்து எண்ணினால் வரும் எண்ணிக்கை கையில் வருவதைவிடக் கூடுதலாக இருக்கும். இதை டாக்டர் செய்து காட்டினார்: அவர் நெஞ்சில், சிஸ்டர் கையில், ஒரே நிமிஷத்தில் அவருக்கு 112, சிஸ்டருக்கு 94. வீட்டில் வைத்திருக்கிற ரத்த அழுத்த மெஷினும் இந்த மாதிரி நாடியில் தடுமாறும், இரண்டு மூன்று தடவை எடுத்து சராசரி போட வேண்டும். இரண்டாவது கட்டம் என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு. மூன்றாவது கட்டம் உடம்பு. கால் கனம், தலை கிறுகிறுப்பு, கனவு, பசி, மலச்சிக்கல், எது தோன்றுகிறதோ அது. சின்ன விஷயம், பெரிய விஷயம் என்று நான் பிரிப்பதில்லை, அதைப் பிரிக்கிற வேலை டாக்டருடையது.

இப்படிச் சொல்கிற நோயாளிக்கு ஒரு முன்னோர் உண்டு என்று பின்னால் படித்தேன், அந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1912-ல் வென்கெபாக் என்ற புகழ்பெற்ற டச்சு இதய மருத்துவரிடம் ஒரு வியாபாரி வந்தார். இதே தாளம் தப்பிய நாடி. மருத்துவரால் செய்வதற்கு அதிகம் இல்லை. அந்த வியாபாரியோ, இதை நானே நிறுத்திக் காட்டுகிறேன், நாளைக் காலையில் சீரான நாடியோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வந்தார், நாடி சீராக இருந்தது. மலேரியா உள்ள நாடுகளில் எதற்கெடுத்தாலும் கொயினா சாப்பிடுவது வழக்கம். அப்படித் தற்செயலாகச் சாப்பிட்டபோது, 1 கிராம் கொயினா எடுத்தால் 25 நிமிஷத்தில் தன் நெஞ்சு தாளத்துக்கு வந்துவிடுவதை அவர் கவனித்து வைத்திருந்தார். வென்கெபாக் அதை ஒதுக்கவில்லை, 1914-ல் எழுதிய புத்தகத்தில் சேர்த்தார். 1918-ல் ஜெர்மனியில் வால்டர் ஃப்ரே என்பவர், கொயினாவின் உறவுக்கார மருந்தான குயினிடின் இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தார். நீலகிரியில் 1860-களிலிருந்து வெள்ளைக்காரன் சிங்கோனா மரம் வளர்த்த அதே கொயினா, எங்கள் அப்பத்தா காய்ச்சல் என்றால் கசக்கக் கசக்க முழுங்கியதாகச் சொல்லும் அதே கொயினா. தாளத்தைப் பிடித்து வைக்கும் மாத்திரைகளின் வரிசை, ஒரு நோயாளி தன் உடம்பைக் கவனித்துச் சொன்னதில் தொடங்கியிருக்கிறது.

இனி ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை. இதை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க மதிப்பெண் போடுகிறார்கள். சர்க்கரைக்கு 1, ரத்த அழுத்தத்துக்கு 1, இதயப் பலவீனத்துக்கு 1, 65 வயதுக்கு 1, 75 தாண்டினால் 2, ஏற்கெனவே பக்கவாதம் வந்திருந்தால் 2, இப்படி. பெண்ணாக இருந்தால் அதற்கும் ஒன்று என்று அப்போது சேர்த்தார்கள். சர்க்கரையும் அழுத்தமும் உள்ள எனக்கு மூன்று. டாக்டர் அசிட்ரோம் எழுதினார்.

அசிட்ரோம் சாப்பிடுகிறவர்களுக்கு ஐ.என்.ஆர். என்ற மூன்றெழுத்துதான் மாதாந்திரப் பரீட்சை. ரத்தம் உறைய எத்தனை நேரம் ஆகிறது என்பதை வைத்து வருகிற எண் அது. மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு 1-ஐ ஒட்டி இருக்கும், எங்களைப் போன்றவர்களுக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் உறையும், கூடினால் கசியும். மாதா மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு லேப் பெஞ்சில் போய் உட்காருவேன், அங்கே படித்தது அதிகம்.

சோழவந்தானிலிருந்து வருகிற ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற தலையாரி, வேகத்தைக் குறைக்கிற டிஜாக்சின் சாப்பிடுவார். வாரத்தில் ஐந்து நாள்தான், சனி ஞாயிறு கிடையாது. "என் மாத்திரைக்கு கவர்மென்ட் ஆபீஸ் மாதிரி ரெண்டு நாள் லீவு" என்பார். ஒரு மாதம் அவருக்குச் சோறு பிடிக்கவில்லை, வாந்தி, பல்பு வெளிச்சமெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்றார். பெஞ்சில் எங்களிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "ஐயா, உள்ள போனதும் மொதல்ல இதைச் சொல்லுங்க" என்று நாலு பேரும் சேர்ந்து அனுப்பினோம். மருந்து ரத்தத்தில் ஏறிப்போயிருந்தது. இடையில் வயிற்றுப்போக்கு வந்ததில் கிட்னி கொஞ்சம் சுணங்கியிருக்கிறது, வெளியே போக வேண்டிய மருந்து போகவில்லை. ஃபாக்ஸ்குளோவ் என்கிற ஐரோப்பியச் செடி வகையின் இலையிலிருந்து வந்த மருந்து அது, 1785-லேயே வித்தரிங் என்ற ஆங்கில மருத்துவர் அந்தச் செடியின் இலையைப் பற்றி எழுதியபோது, அளவு மீறினால் வாந்தி வரும், பார்வை பச்சையாகவும் மஞ்சளாகவும் தெரியும் என்று எழுதிவைத்திருக்கிறார். 230 வருஷத்துக்கு மேல் ஆன எச்சரிக்கை சோழவந்தானில் வந்து நின்றது.

உசிலம்பட்டியிலிருந்து வருகிற ஒரு தங்கச்சிக்குச் சின்ன வயதில் மூட்டுவீக்கக் காய்ச்சல் வந்து, அதனால் இதயத்தில் வால்வு சுருங்கி, அதன் பின்னால் ஏ.எஃப். வந்தது. "டீச்சர், ரத்தப் பரிசோதனையே வேணாங்கிற புது மாத்திரை வந்துருக்காமே, எனக்கு மட்டும் ஏன் தர மாட்டேங்கிறாங்க, காசில்லாதவன்னா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் அன்று தெரியவில்லை. அவருக்காக நானே டாக்டரிடம் கேட்டேன். அப்படிச் சுருங்கிய வால்வு உள்ளவர்களுக்குப் பழைய மாத்திரைதான் நல்லது என்றார். 2022-ல் இதற்கென்றே பல நாடுகளில் நடத்திய பெரிய ஆய்வு வெளிவந்தபோது, இந்த வகை நோயாளிகளில் புது மாத்திரையான ரிவரோக்ஸபான் எடுத்தவர்களைவிடப் பழைய மாத்திரை எடுத்தவர்களே அதிகம் பிழைத்தார்கள் என்று வந்தது. தங்கச்சியிடம் சொன்னேன். காசுக்காக இல்லை என்று தெரிந்ததும் அவர் முகம் தெளிந்ததை இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

கீரை விஷயத்தை எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். கீரையில் உள்ள வைட்டமின் கே ரத்தம் உறைய உதவும், அசிட்ரோம் அந்த வைட்டமினின் வேலையைத்தான் தடுக்கிறது. எனக்கு ஒரு சித்திரை மாதம் வாய்ப்புண். எங்கள் ஊர் வழக்கப்படி அகத்திக்கீரையும் மணத்தக்காளியுமாக ஒரு வாரம் தினமும் சாப்பிட்டேன், புண் ஆறியது, ஐ.என்.ஆர். 1.4-க்கு விழுந்தது. உடனே வீட்டுக்காரர் கீரைக்காரம்மாவிடம், "இனிமே எங்க வீட்டுக்கு வேண்டாம்த்தா" என்று சொல்லிவிட்டார். அதுவும் தப்பு. கீரையை அடியோடு நிறுத்தினால் எண் எகிறும். வாரத்துக்கு இரண்டு நாள் கீரை என்றால் எப்போதும் இரண்டு நாள், அவ்வளவுதான் விதி. கீரையை வைத்து மாத்திரை அளவை டாக்டர் சரிசெய்துகொள்வார். கீரைக்காரம்மா அடுத்த வாரமே திரும்ப வந்தார்.

இந்த மருந்துக் குடும்பம் கண்டுபிடிக்கப்பட்டதும் மாட்டுத் தீவனத்தில்தான். 1920-களில் வட அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த ஒருவகைத் தீவனச்செடியைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. 1933 பிப்ரவரியில் ஒரு விவசாயி, பனிப்புயலில், செத்த கிடேரியையும் ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் எடுத்துக்கொண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே கார்ல் லிங்க் என்பவரின் ஆய்வகம் ஆறேழு வருஷம் உழைத்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் வந்த வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாகவும், 1954-ல் மனிதருக்கான மருந்தாகவும் வந்தது. அசிட்ரோம் அதன் பங்காளி. எலி மருந்தைக் கொடுக்கிறார்கள் என்று பயமுறுத்துகிற உறவினர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அந்தப் பால் கேன் கதையைச் சொல்லுங்கள்.

2018-ல் என் நெஞ்சு அடிக்கடி தாளம் தப்பத் தொடங்கியது. ஒரு ராத்திரி தாங்காமல், எங்கள் டாக்டர் ஊரில் இல்லாததால் வேறு ஒரு மருத்துவமனையில் சேர்ந்தேன். அங்கே தாளத்தைப் பிடித்து வைக்கிற அமியோடரோன் ஆரம்பித்தார்கள். 200 மில்லிகிராம், ஒரு வாரம் மூன்று வேளை, அடுத்த வாரம் இரண்டு வேளை, அப்புறம் தினம் ஒன்று. மூன்றாம் நாளே நெஞ்சு சீரானது. இத்தனை வருஷத்தில் நான் அடைந்த பெரிய நிம்மதி அந்த மூன்றாம் நாள்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த மாத்திரை அசிட்ரோமின் வேகத்தைக் கூட்டும், அசிட்ரோமைக் குறைத்து ஒரு வாரத்திலேயே ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் இல்லை, வாயாலும் யாரும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் பல் துலக்கும்போது நுரை சிவப்பாக வந்தது. வாய் கொப்புளித்தேன், மறுபடி சிவப்பு. தோளில் பை மாட்டுகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்திருந்தது, எங்கேயும் இடித்துக்கொண்ட ஞாபகமே இல்லை. நோட்டில் எழுதினேன், எழுதிவிட்டு அன்றைக்கே எங்கள் டாக்டருக்குப் போன் செய்தேன். "உடனே லேப்புக்குப் போங்க, இன்னைக்கு அசிட்ரோம் போடாதீங்க" என்றார். 6.4 வந்தது. இரண்டு நாள் நிறுத்தி, அப்புறம் முன்பு சாப்பிட்டதில் பாதி அளவில் தொடங்கினோம். முன்னைப்போல வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அமியோடரோனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலை செய்கிற மருந்து, கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டிய மருந்தும் அதுவே. வெயில் ஆகாது. மதுரையில் வெயிலுக்குத் தப்பி எங்கே போவது, பஸ் ஸ்டாப்பிலிருந்து பள்ளிக்கூடம் வரை குடை, முழுக்கை ரவிக்கை. கருவிழியில் நுண்ணிய கோடுகள் படியும், அரவிந்த் கண் மருத்துவமனையில் வருஷாந்திரச் சர்க்கரைக் கண் பரிசோதனைக்குப் போனபோது, விளக்கை வைத்துப் பார்த்த பெண், "நெஞ்சுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?" என்று தானாகவே கேட்டார். பார்வையைப் பெரும்பாலும் கெடுக்காது, கவலைப்பட வேண்டாம் என்றார்கள். இருமலோ மூச்சிரைப்போ வந்தால் நுரையீரலைப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள், அது வரவில்லை.

எனக்கு வந்தது தைராய்டு. ஒன்பதாம் மாதம் நோட்டின் மூன்றாவது கட்டத்தில் தொடர்ந்து ஒரே மாதிரி வரிகள்: "தூக்கம்", "மதியம் பாடம் நடத்தும்போது கண் சொருகியது", "தோல் வறட்சி", "எடை 3 கிலோ கூடியிருக்கிறது", "குரல் கரகரப்பு". தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்கு இருந்தது. ஒரே பக்கத்தில் கீழ்க்கீழாகப் பார்த்ததும் டாக்டர் வேறெதுவும் கேட்காமல் தைராய்டு பரிசோதனை எழுதினார். அமியோடரோனில் அயோடின் இருக்கிறது: 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 75 மில்லிகிராம். அதில் பத்தில் ஒரு பங்குதான் பிரிந்து ரத்தத்தில் சேரும் என்று வைத்தாலும், ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும் என்கிற உடம்புக்கு அது நாற்பது ஐம்பது மடங்கு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் என் தைராய்டு மேல் எனக்கு இரக்கம் வந்தது. தைராய்டு மாத்திரை சேர்த்தார்கள், கொஞ்ச நாளில் அமியோடரோனை நிறுத்தினார்கள். நிறுத்தினாலும் அது சட்டென்று போகாது, கொழுப்பில் தங்கி மாதக்கணக்கில் மெதுவாக வெளியேறும். விருந்தாளி ரயிலேறிய பிறகும் வீட்டில் சாமான் கிடப்பதுபோல ஆறு மாதம் அதன் குணம் இருந்தது.

இப்போது மதினி. என் அண்ணன் மனைவி, செக்கானூரணியில் இருக்கிறார். எனக்கு வந்து இரண்டு வருஷம் கழித்து அவருக்கும் ஏ.எஃப். என்று தெரிந்தது. ஆனால் அவருக்கு மீனும் துள்ளவில்லை ஒன்றும் துள்ளவில்லை. வேறு எதற்கோ எடுத்த ஈசிஜியில் தெரிந்தது. நிறையப் பேருக்கு அப்படித்தான், உள்ளே தாளம் தப்பிக்கொண்டிருக்கும், வெளியே ஒரு அறிகுறியும் இராது. வேகத்துக்கு ஒன்று, உறையாமல் இருக்க ஒன்று என இரண்டு மாத்திரை. ஏழெட்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டார். ஒரு நாள் முன்னங்கையில் நீலமாக ஒரு தழும்பைப் பார்த்திருக்கிறார். பக்கத்து வீட்டில் யாரோ, "ரத்தத்தைத் தண்ணியாக்குற மாத்திரைத்தா அது, மூளையில கசிஞ்சுரும்" என்றிருக்கிறார்கள். நெஞ்சும் நன்றாகத்தானே இருக்கிறது என்று அதை மட்டும் நிறுத்திவிட்டு, மற்றதைச் சாப்பிட்டு வந்திருக்கிறார். டாக்டரிடம் சொல்லவில்லை, திட்டுவாரோ என்று. என்னிடம்கூடச் சொல்லவில்லை. நான் மாதா மாதம் பேசுவேன், "மாத்திரை போடுறீங்களா மதினி?" என்பேன். "போடுறேன்த்தா" என்பார். அவர் சொன்னதும் பொய்யில்லை, ஒன்றைப் போட்டுக்கொண்டுதானே இருந்தார்.

2019 டிசம்பர், ஒரு விடியற்காலை பால் வாங்க எழுந்தவர் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு குழறியது. சர்க்கரை இறங்கியிருக்கும் என்று சீனித் தண்ணீர் கொடுத்து, அப்புறம் உப்பு குறைந்திருக்கும் என்று உள்ளூரில் காட்டி, மதுரைக்கு வந்து சேரும்போது ஏழு மணி நேரம் ஓடியிருந்தது. கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நாலரை மணி நேரம் செக்கானூரணியிலேயே போய்விட்டது. அங்கிருந்து மதுரைக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகாது.

நான் வார்டில் போய்ப் பார்த்தபோது என் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வந்தார். "மா... மா..." என்பதற்கு மேல் வரவில்லை. மாத்திரை என்று சொல்ல வந்தாரா, மன்னித்துக்கொள் என்று சொல்ல வந்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த நீலத் தழும்பை அவர் டாக்டரிடம் காட்டியிருந்தால் அளவைக் குறைத்திருப்பார்கள், மாத்திரையை மாற்றியிருப்பார்கள், இல்லை இது சாதாரணம் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். மூன்றில் எது நடந்திருந்தாலும் அவர் மாத்திரையோடு வீட்டுக்கு வந்திருப்பார்.

என் கதைக்கு மீதி கொஞ்சம்தான். 2020 ஊரடங்கில் லேப் பெஞ்சுக்குப் போக வழியில்லாமல் போனது. டாக்டர் போனிலேயே பேசி, கிட்னிப் பரிசோதனைக்கு மட்டும் ஒரு தடவை போய்வரச் சொல்லி, அசிட்ரோமை நிறுத்தி ஐ.என்.ஆர். 2-க்குக் கீழே இறங்கிய பிறகு, அந்தப் புது மாத்திரை வகையில் ஒன்றான அபிக்ஸபானுக்கு மாற்றினார். 5 மில்லிகிராம், காலை ஒன்று ராத்திரி ஒன்று. கீரைக் கணக்கு இல்லை, மாதப் பரீட்சை இல்லை. அப்போது விலை கூடுதல், பிறகு பல கம்பெனிகள் தயாரித்ததும் இறங்கியது. ஆனால் இதில் வேறொரு கண்டிப்பு உண்டு. அசிட்ரோம் ஒரு வேளை தவறினால் அதன் குணம் கொஞ்சம் நின்று காக்கும். இது அரை நாளிலேயே பாதியாகக் குறைந்துவிடும், இரண்டு வேளை விட்டால் காவல் இல்லாத வீடு. ரிவரோக்ஸபான் என்றால் வயிறு நிறையச் சாப்பிட்டுப் போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. கிருத்திகை விரதம் இருக்கிற என் தம்பி இதைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனை கிருத்திகை கழித்தானோ. மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்குகிற வலி மாத்திரையும், "ஒரு ஊசி போட்டுருவோம்" என்று போடுகிற டைக்ளோஃபினாக்கும் இந்த மாத்திரைகளோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராக இருந்தாலும், முதலில் மாத்திரைச் சீட்டை மேஜையில் வைத்துவிட்டுத்தான் உட்காருவேன்.

இப்போது மெட்டோபுரோலால் 25, அபிக்ஸபான், தைராய்டுக்கு ஒன்று, சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் பழையது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மீன் துள்ளுகிறது, இரண்டு மூன்று மணி நேரத்தில் அடங்குகிறது. குழாய் விட்டுச் சுட்டு சரிசெய்கிற சிகிச்சை ஒன்று உண்டு, அதைப் பற்றி டாக்டரோடு பேசிக்கொண்டிருக்கிறேன். நோட்டு ஒன்பதாவது ஓடுகிறது.

மதினி இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். பேச்சு முக்கால் வாசி திரும்பிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை செக்கானூரணி போயிருந்தேன். ஆறாம் வகுப்புப் படிக்கிற பேரன் அவருக்கு நோட்டு எழுதுகிறான், கட்டம் போடக் கற்றுக்கொடுத்தது நான். நாடியை அவனே பிடிக்கிறான், நாக்கைக் கடித்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிஷம் எண்ணுகிறான். நோட்டை வாங்கிப் புரட்டினேன். வெள்ளிக்கிழமைக்கு நேராக மூன்றாவது கட்டத்தில் அவன் கையெழுத்தில், "அப்பத்தாவுக்கு ஈறில ரத்தம், காலைல, கொஞ்சம்" என்று இருந்தது.

"இதை யாருட்ட சொன்னீங்க மதினி?"

"ஒன்... ட்டதான், சொல்லணும்னு, எழுதச் சொன்னேன்" என்றார், இடது கையால் நோட்டைத் தொட்டு.

திங்கள்கிழமை காலை அவருடைய டாக்டருக்குப் போன் போட்டோம். புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார், நோட்டையும் எடுத்துக்கொண்டு.